மாமியார் வீட்டுக்குப் போன ஓடை

பல வருஷம் கழித்துத் திரும்பி வந்த ஓடை ஊருக்குள் வரவில்லை. மலையடிவாரத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, எதிரே இருந்த மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பக்கத்து ஊரில், இந்த ஊர் மட்டக்காரரின் மாமியார் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. குடத்தோடு காத்திருந்த ஊர் வாயைப் பிளந்தது. தண்ணீர் மேடேறியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கப் பணத்தில் வந்த தண்ணீர் ஒருத்தருடைய மாமியார் வீட்டுக்குப் போனதுதான் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல்.

மட்டக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனது அதற்குச் சில வருஷம் முன்னால். மலை மொட்டையாகி, பெய்த மழையெல்லாம் மண்ணை வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும் காலம் அது. ஒரு குடம் தண்ணீருக்கு மலையேறி இறங்க வேண்டும். "என் இடுப்புல குடம் இருக்கணும், இல்ல குழந்தை இருக்கணும். ரெண்டுக்கும் இடமில்ல. ஓடையில தண்ணி வரட்டும், நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். மனிதருக்கு ரோஷம் ஜாஸ்தி, கூப்பிடப் போகவில்லை. ஆனால் மலையைச் சீராக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியதும் முதல் ஆளாகப் போய் வேலைக்கு நின்றார். பெண்டாட்டிக்காக மலையைத் தோண்டுகிறவர் என்று ஊர் சிரித்தது. உண்மைதான் என்பதால் அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

மலையைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் வெட்டி, ஓடுகிற மழைநீரை அங்கங்கே உட்கார வைப்பதுதான் திட்டம். பள்ளம் முழுக்க ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப் ஒன்று. ஒரு முனை இன்ஜினியரம்மா கையில், மறுமுனை அவர் கையில். அதனால்தான் மட்டக்காரர் என்ற பெயரும். தண்ணீரை ஏற்ற டியூபை வாயால் உறிஞ்ச வேண்டும், உறிஞ்சின வாயோடு அவர் அதற்குள்ளேயே புலம்பவும் பழகிவிட்டார். மாமியார் வீடு எந்தத் தெரு, வாசலுக்கு என்ன நிறம், குழந்தைக்கு இந்நேரம் பல் முளைத்திருக்குமா என்று எதையும் விடமாட்டார். "அண்ணா, டியூப்ல காத்து புகுந்துடும், கொஞ்சம் வாயை மூடுங்க" என்பார் இன்ஜினியரம்மா. சாயங்காலம் அந்தத் தண்ணீரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மொத்தத் திட்டத்திலும் நடந்த தவறு அது ஒன்றுதான்.

ஆக, ஓடை விலாசம் தெரிந்துதான் போனது. அரசுத் தண்ணீரைச் சொந்தத் தேவைக்கு அனுப்பினார் என்று மட்டக்காரர்மேல் புகார் போனது. இன்ஜினியரம்மா வந்து எல்லாப் பள்ளங்களையும் அளந்து பார்த்தார். "மட்டம் சரியாத்தான் இருக்கு. தண்ணிதான் பிடிவாதமா இருக்கு. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க, அண்ணா."

வேறு வழியில்லாமல் போனார். மாமியார் அதற்குள் வாசல் ஓரமாகக் கீரை விதைத்து முடித்திருந்தார், மருமகனைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. மனைவி படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டிருந்தாள். "கூப்பிட ஆள் வராது, தண்ணி மட்டும் வருமா?" என்றாள். வெறுங்கையோடு எப்படி வருவது என்று தயங்கினதாக அவர் இழுத்தார். "வெறுங்கையாவே வந்திருக்கலாம். அந்தக் கையால அன்னிக்கே என் இடுப்புல இருந்த குடத்தை வாங்கியிருந்தா நான் போயே இருக்கமாட்டேனே."

மலையையே தோண்டின மனிதருக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன, மறைக்காமல் அழுதார். பிறகு, அப்பா என்று அடையாளம் தெரியாமல் முழித்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மனைவி செருப்பைத் தேடினாள். அவர்கள் மேடேறியபோது ஓடையும் எழுந்து பின்னாலேயே வந்தது.

அதற்குப் பிறகு கிணறுகள் ஊறின, தண்ணீர் லாரிக்கு ஊருக்கு வரும் வழியே மறந்துபோனது, பிழைக்க வெளியே போனவர்கள் வயலுக்குத் திரும்பினார்கள். மட்டக்காரரின் மனைவி அம்மாவைப் பார்க்கப் போனால் மட்டும் ஓடையும் கூடவே போய்விடும். அவள் பையை எடுப்பதைப் பார்த்ததுமே ஊர் அண்டா குண்டாவை நிரப்பி வைக்கும். அந்த வீட்டில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், சமாதானம் பேசத் தெருவே திரண்டு வந்து மட்டக்காரரைத்தான் திட்டும்.