செத்த ராஜாவின் குரல்

அண்ணன் வாய் திறந்து பேசிப் பதினெட்டு நாளாகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை உதட்டில் வைப்பான். பேருந்தை நிறுத்த வேண்டுமென்றால் சுண்டு விரல். கோபம் வந்தால் இரண்டு கையையும் விரித்துக் கூரையைப் பார்ப்பான். கச்சேரிப் பயணத்தில் கூட வந்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் இது வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து எரிச்சல்.

“மேடையிலதான் செத்த ராஜான்னு நெனச்சேன்,” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் இடி. “ஐயா பஸ்லயும் செத்துட்டாரா?”

“வாயைத் திறக்காம இருந்தா கெத்தாம்டா,” என்றான் கிட்டார்காரன் தாடி. “நீயும் பண்ணிப் பாரேன். எங்க காதுக்குப் புண்ணியமாப் போகும்.”

பேஸ் கிட்டார் வாசிக்கும் தூக்கம் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணன் சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு. கடைசி இருக்கையில் முகமூடியை மடியில் வைத்து, உடைந்த கொம்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்த தங்கை தலையைத் தூக்கவில்லை. இந்த மௌனக் கதையைக் கட்டிவிட்டவளே அவள்தான். “இந்தத் தடவை மேடைக்கு வெளியேயும் ராஜாவாவே இருக்கப்போறானாம். செத்தவன் பேசமாட்டான்ல” என்று அவள் சொன்னபோது முகம் சிவந்து கழுத்து வரை வேர்த்துவிட்டது. நல்ல வேளை, ‘காபி வேணுமா’ என்று கேட்டாலே அவளுக்கு அப்படித்தான் வேர்க்கும். யாரும் சந்தேகப்படவில்லை. அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் சுண்டெலி.

அவர்கள் வாசிப்பது மெட்டல், காதைப் பிளக்கும் ராக் இசை. வெறும் மெட்டல் இல்லை, நாடகத்தோடு. நான்கு பேரும் முகமூடியில்தான் மேடை ஏறுவார்கள். பாடுகிறவன் ராஜா. செத்து நானூறு வருஷம் கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன். முதல் பாட்டில் சிம்மாசனத்தில் உட்காருவான். நடுவில் வாயிலிருந்து ரத்தம் வழியும். கடைசியில் தலை வெட்டுப்பட்டு விழுவான். விளக்கு அணையும். அடுத்த நொடி, மேடைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் சவப்பெட்டியின் கதவு திறக்கும். அதே அங்கி, அதே முகமூடி, தலையோடு ராஜா நிற்பான். ஒரே ஒரு உறுமல் உறுமுவான். கூட்டம் பைத்தியம் பிடித்ததுபோல் கத்தும்.

பெட்டிக்குள் நிற்கும் அந்த இரண்டாவது ராஜா தங்கை. அண்ணனின் உயரம், அண்ணனின் தோள். இரண்டு வருஷமாக அவள்தான். அதுபோக உடை, முகமூடி, ரத்தம் எல்லாம் அவள் பொறுப்பு. ரத்தம் இரண்டு விதம். உடையில் ஊற்றுவது சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும். துவைத்தால் போகவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சோப்பு நீரும் சேர்ப்பாள். வாயில் ஊற்றிக்கொள்வதில் சோப்பு கிடையாது. அதைத் தேடி எறும்பு வரும். உலகத்தையே நடுங்க வைக்கும் ராஜா அங்கிக்குள் எறும்பு கடித்து நெளிந்ததைப் புதுவகை நடனம் என்று ஒரு பத்திரிகையில் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

பதினெட்டு நாளுக்கு முன்னால் காய்ச்சலோடு பாடிவிட்டு இறங்கிய அண்ணனின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மறுநாள் காலை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண் இரண்டும் வீங்கி, ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது.

“ஆறு வாரம். பேச்சு கிடையாது. குசுகுசுன்னுகூடப் பேசக்கூடாது. மீறிக் கத்தினா திரும்ப வராது.”

“பாட்டா டாக்டர்?” என்று தங்கை கேட்டாள்.

“பேச்சும்தாம்மா.”

வெளியே வந்ததும் அண்ணன் போனில் தட்டிக் காட்டினான். யார்கிட்டயும் சொல்லாத. ஏன் என்று அவள் கேட்கவில்லை. இவனுக்கு முன்னால் பாடியவனுக்குப் பயணத்தின் நடுவில் தொண்டை போனபோது, வழியில் இருந்த ரயில் நிலையத்தில் அவனை இறக்கிவிட்டுவிட்டு அன்றைக்கே வேறு ஆளைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்தவன்தான் அண்ணன்.

பெட்டிக்குள் ஒரு மைக் இருந்தது. அந்த ஒற்றை உறுமலுக்காக வைத்தது. அன்று மாலை கச்சேரி தொடங்குவதற்கு முன்பே தங்கை உள்ளே போய் நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். மேடையில் முகமூடிக்குள் அண்ணன் வாயை மட்டும் அசைத்தான். எல்லாப் பாட்டையும் அவள் பாடினாள்.

அவர்கள் பாட்டு முழுக்க உறுமல்தான். உறுமலில் ஆண் பெண் தெரியாது, அடிவயிற்றுக் காற்றுதான் தெரியும். அண்ணன் பயிற்சி எடுத்த காலத்தில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ‘தொண்டையில கத்தாத, வயித்துலேருந்து இழு’ என்று திருத்தியவள் அவள். பாட்டு அத்தனையும் அத்துப்படி. அண்ணனுக்கு வரி மறந்தால்கூட அவளுக்கு மறக்காது.

கூட வாசிக்கும் மூவருக்கும் எதுவும் தெரியவில்லை. முகமூடியின் கண் ஓட்டை வழியாக அவர்களுக்குத் தங்கள் கைகளே பாதிதான் தெரியும். கண்டுபிடித்தது ஒலி மேஜையில் உட்காரும் சவுண்டு அக்கா மட்டும்தான். முதல் நாள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

“ராஜா மைக்கோட மீட்டர் தூங்குது. பெட்டி மைக்கோட மீட்டர் குதிகுதின்னு குதிக்குது. உள்ள யாரு கண்ணு, பேயா?”

தங்கை காலணி நுனியைப் பார்த்தாள்.

“நல்லாப் பாடுது பேய்,” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அண்ணனிடம்கூடத் தங்கை சொல்லாத ஒன்று உண்டு. பெட்டிக்குள் அவளுக்குப் பயமே வரவில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்படுகிறவள், மரப்பலகையும் இருட்டும் சூழ்ந்த அந்த இடத்தில் நின்று ஆயிரம் பேரின் நெஞ்சுக்கூட்டை அதிர வைத்தாள். இறங்கியபின் இடி அண்ணன் முதுகில் ஓங்கித் தட்டுவான். “என்ன குரல்டா இது! இந்த ரவுண்டுல உனக்கு என்னமோ ஆயிருக்கு.” அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு அண்ணன் இடியின் தோளுக்கு மேலே தங்கையைத் தேடுவான். அவள் அப்போது குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருப்பாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம்.

முந்தாநாள்தான் அந்தத் தப்பு நடந்தது. இரண்டு ரத்தமும் ஒரே மாதிரி பாட்டில். வாய்க்கு வெள்ளை மூடி, உடைக்குக் கறுப்பு மூடி. முன்பெல்லாம் கச்சேரி பாதி ஓடிய பிறகுதான் அவள் பெட்டிக்குப் போவாள், நிதானமாக நிரப்புவாள். இப்போது டிரம்ஸின் முதல் அடிக்கு முன்னாலேயே உள்ளே இருக்கவேண்டும். அவசரத்தில் மூடியை மாற்றித் திருகிவிட்டாள். அண்ணன் வெள்ளை மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்தான். சோப்பு. சிவப்பு நுரை முகமூடியின் வாய் ஓட்டை வழியாகப் பொங்கி வந்தது. அவன் இரண்டாக மடிந்து இருமினான். சாத்திய பெட்டிக்குள் இருந்தவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அவள் அடுத்த வரியை எடுத்து, நீட்டி, முழங்கி முடித்தாள். நுரை தள்ளும் ராஜாவைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது.

இன்று மதியம் புது ஊரின் அரங்கத்தில் சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. முந்தைய கச்சேரியில் யாரோ கொட்டிய குளிர்பானம் தரையில் காலணியைப் பிடித்து இழுத்தது. மேடைத் தரையில் சிம்மாசனத்துக்கும் பெட்டிக்கும் மஞ்சள் நாடாவில் குறி ஒட்டிவிட்டு நிமிர்ந்த தங்கைக்கு இடியின் குரல் கேட்டது.

“எல்லாரும் இங்க வாங்க. தூக்கத்தையும் எழுப்புங்க.”

இடி டிரம்ஸ் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். முந்தாநாள் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ.

“பாருங்க. வாயில நுரை தள்ளுது. குனிஞ்சு இருமறான். பாட்டு மட்டும் ஜம்முனு ஓடுது. எப்படி?”

தாடி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். “உனக்கென்ன ரெண்டு வாயாடா?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரிக்கவில்லை.

“டேப்,” என்றான் இடி. “டேப்பப் போட்டுட்டு வாயசைக்கிறான். அதான் பஸ்ல மௌனசாமி. அதான் இந்த ரவுண்டுல ஒரு இடத்துலகூடப் பிசிறல.”

ஒலி மேஜையிலிருந்து சவுண்டு அக்கா குரல் கொடுத்தாள். “என் மேஜையில டேப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வேணும்னா வந்து பாரு.”

“அப்ப எங்கேருந்து வருது?”

“மைக்லேருந்து.”

“அக்கா, விளையாடாத.”

“விளையாடற வயசா எனக்கு? மைக்லேருந்துதான் வருது. மீதியைச் சொல்லவேண்டியது நானில்ல.” அக்காவின் கண் தங்கை மேல் ஒரு நொடி தங்கி, நகர்ந்தது.

இடி எழுந்து அண்ணன் எதிரில் வந்து நின்றான். திட்டப்போகிறான் என்று தங்கை நினைத்தாள். அவன் குரல் இறங்கித்தான் இருந்தது.

“மாப்ள, உன் பாட்டுக்குத்தான நான் அடிக்கிறேன்? நீ மூச்சு விடற இடம் பாத்து நிறுத்தறேன், நீ இழுத்தா நானும் இழுக்கறேன். இத்தனை நாளும் ஒரு டேப்புக்கா வளைஞ்சு குடுத்தேன்? நம்ம மேடையில ரத்தம் பொய். தலை பொய். சாவு பொய். சத்தம் ஒண்ணுதான்டா நிஜம். அதையும் பொய்யாக்கிட்டா, முகமூடியோட தெருவுல நின்னு பலூன் விக்கலாம்.”

அண்ணன் கையைத் தூக்கினான். ஏதோ காட்ட வந்து, பாதியில் தொங்கவிட்டான். இதற்கு அவர்களிடம் சைகை இருக்கவில்லை. போனை எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டான்.

“போன் வேண்டாம். தட்டிக் காட்டறதெல்லாம் வேண்டாம்.” இடி மேடை நடுவில் இருந்த மைக் ஸ்டாண்டைக் காட்டினான். “முகமூடி இல்லாம, எங்க முன்னாடி, நாலு வரி பாடு. பாடினா உன் கால்ல விழறேன். பாடலைன்னா சாயங்காலம் கச்சேரி இல்லைன்னு நானே வாசல்ல போய்ச் சொல்றேன். நீயும் உன் வழியப் பாத்துக்க.”

“டேய், கொஞ்சம் பொறுடா,” என்றான் தூக்கம். அவன் விழித்திருப்பதே அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

“அவன் பாடட்டும், நான் பொறுக்கறேன்.”

அண்ணன் மைக்கை நோக்கி நடந்தான்.

தங்கை பெட்டிப் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் ஒரு வெள்ளை மூடியும் ஒரு கறுப்பு மூடியும். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். வேண்டாம், சொல்லாதே. பிறகு இரண்டு காலையும் அகட்டி வைத்தான். ஸ்டாண்டைப் பிடித்தான். அவன் தோள் காதை நோக்கி ஏறியது. வயிறு அசையவே இல்லை.

தொண்டையிலிருந்துதான் கத்தப்போகிறான். அவளுக்கு அது குளியலறைக் கதவு வழியாகவே தெரியும்.

திரையில் பார்த்த அந்தச் சிவந்த நாண் ஞாபகம் வந்தது. பேச்சும்தாம்மா. இனி இவன் வீட்டில் அம்மாவைக் கூப்பிடவும் விரலைத்தான் காட்டவேண்டும். அவளுடைய கால் முதலில் பெட்டிப் பக்கம்தான் திரும்பியது. உள்ளே போய் நின்றுவிட்டால் போதும், குரல் தானாக வந்துவிடும், யாரும் அவளைப் பார்க்கமாட்டார்கள். பாதிக் கதவு திறந்திருந்தது. இருட்டு அழைத்தது.

மூடி இரண்டும் கையிலிருந்து விழுந்து உருண்டன. அவள் மேடை நடுவுக்கு ஓடினாள். அண்ணன் மூச்சை இழுத்து வாயைத் திறந்த நேரத்தில் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

“அண்ணா, வேண்டாம். வாயைத் திறக்காத.”

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

“சுண்டெலி, நீ நடுவுல வராத,” என்றான் இடி. “உங்க அண்ணன் பதில் சொல்லட்டும்.”

அவள் ஏதோ சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை.

“என்ன? ஒண்ணும் கேக்கல.”

தூரத்தில் சவுண்டு அக்கா ஒரு விரலால் மேஜையில் எதையோ மேலே தள்ளினாள். அண்ணனின் மைக் விழித்துக்கொண்டது. தங்கையின் மூச்சு வெறும் அரங்கம் முழுக்க இரைந்தது. அவளுக்குக் கழுத்து வரை வேர்த்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகமூடி இல்லாத மூன்று முகம். அவளுக்கும் முகமூடி இல்லை. ஒரு கை அண்ணனின் வாய் மேலேயே இருக்க, இன்னொரு கையை வயிற்றில் வைத்து, அங்கிருந்து காற்றை இழுத்தாள்.

“அது டேப் இல்ல இடி அண்ணா. சத்தம் நிஜம்தான். இவன் தொண்டை போயிடுச்சு, கத்தினா பேச்சே போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பதினெட்டு நாளா பாடறது நான்தான்.”