முன்சீட்டில் இரண்டு பேர்

ஆரோக்கியராஜ் வீட்டு அம்பாசிடரில் மூன்று பேர் கிளம்பினால் மூன்று பேரும் முன்னால்தான் உட்காருவார்கள். பின்சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மடித்த சால்வையும் ராஜா மாதிரி தனியாக வரும். விழுப்புரத்தில் அவர்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பழையவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

அது பழைய மாடல் வண்டி. முன்சீட்டு பெஞ்சு மாதிரி இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளம். கியர் கம்பி தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் நடுவில் ஓர் ஆள் தாராளமாகக் காலை ஊன்றி உட்காரலாம். அந்த ஆள் ஆரோக்கியராஜின் அக்கா ரோஜா. கன்னியர் மடத்து விடுதியில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், தம்பி வீட்டிலேயே இருப்பவர். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். சன்னலோரம் உட்கார்ந்தால் காதில் காற்று அடித்துத் தலைவலி பிடுங்கும். ரோடு நேராகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காற்றும் மேலே படக் கூடாது. அவருக்குத் தெரிந்து உலகத்தில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் ஏறுவதை விட்டே பல காலம் ஆகிறது.

மகள் அஸ்வினி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளும் அவள் தோழிகளுமாகப் பின்சீட்டு நிரம்பி வழியும். அவளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிஞ்சியது மூன்று பேர். அப்புறமும் உட்காருகிற வரிசை மாறவில்லை. மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி ஆரோக்கியராஜின் மனைவி ஜெசிந்தா. இடது சன்னலோரம் அவள் இடம். கல்யாணமான புதிதில் உட்கார்ந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அக்காவும் தம்பியும் வழிநெடுகப் பேசிக்கொண்டு வருவார்கள். பங்குச் சாமியார் மாற்றலாகிப் போவது, ரேஷன் அரிசி, மடத்து அம்மாக்களின் கோபதாபங்கள். ஜெசிந்தாவுக்குப் புருஷனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் ரோஜாவின் மூக்குக்கு முன்னால் தலையை நீட்டிச் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் ரோஜாவே பதில் சொல்லி முடித்துவிடுவார். வீட்டிலோ புருஷன் கையில் செல்போன் இருக்கும், வாயில் 'ம்' இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற நேரம்தான் மனுஷன் வாய் திறக்கிற நேரம். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில், நடுவில் யாரும் இல்லாமல் உட்கார வேண்டும் என்பது ஜெசிந்தாவுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. ஐம்பது வயதில் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வண்டியின் எஞ்சின் போன தவக்காலத்தில் கையை விரித்துவிட்டது. புகை கக்கியது, ஆயில் குடித்தது. அதையெல்லாம் ஆரோக்கியராஜ் பொறுத்துக்கொண்டார். முண்டியம்பாக்கம் பாலத்து ஏற்றத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. டிரைவர் குனிந்து பார்த்து, "இன்னா சார், எறங்கித் தள்ளட்டுமா? இல்ல கவுறு போட்டு இஸ்துக்கினு போவட்டுமா?" என்றான்.

ரோஜா சிரித்துவிட்டார். ஜெசிந்தா சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே வண்டி வல்லரசுவின் பட்டறைக்குப் போனது. வல்லரசு பழைய அம்பாசிடர்களுக்கென்றே பேர் வாங்கிய மெக்கானிக். பிற்பாடு வந்த மாடலின் ஆயிரத்தெண்ணூறு சிசி எஞ்சின் ஒன்று, உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது, அவனிடம் இருந்தது. அதை இதில் ஏற்றிவிட்டால் பாலமாவது ஏற்றமாவது என்றான். எஞ்சின் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலிலேயே அனுமதி வாங்க வேண்டும். வண்டி ஜெசிந்தா பேரில் இருந்தது. ஆரோக்கியராஜ் வேளாண்மை ஆபீசில் வேலை பார்ப்பவர். அரசாங்க ஊழியர் வண்டி வாங்கினால் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டும் என்று அந்தக் காலத்தில் மனைவி பேரில் வாங்கிவிட்டார். ஆகவே கையெழுத்துப் போட ஜெசிந்தாதான் பட்டறைக்குப் போனாள். தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அரை மணி சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில்.

வல்லரசு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாக்கா. சாரு போன எடுக்கல, ஆபீசுல மீட்டிங்காம். நீயே சொல்லிடு. இந்த எஞ்சினோட அஞ்சு கியர் பாக்ஸ் வருது. அதப் போட்டா கியரு தரையில நட்டுக்கினு நிக்கும். நீளசீட்டக் கழட்டிட்டுத் தனித்தனி சீட்டு ரெண்டு போட்டுடுவேன். இல்ல, பழைய பாக்ஸே இருக்கட்டும்னா, நடுவுல பிளேட்டு ஒண்ணு கடைஞ்சு கோக்கணும். கை கியரு அப்பிடியே இருக்கும். ரெண்டும் செய்யலாம். வேகத்துக்கு மொதல்ல சொன்னதுதான் நல்லது. முன்னாடி எத்தினி பேரு குந்துவீங்க?"

ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். வண்டி முன்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டு, எஞ்சின் இருந்த இடம் காலியாக, வாயைத் திறந்துகொண்டு நின்றது. தரையில் கியர் வந்தால் ரோஜாவின் முழங்கால் இருக்கிற இடத்தில் வரும். ரோஜாவுக்கு வேறு இடம் கிடையாது. அஸ்வினியின் குழந்தைக்கு அடுத்த மாதம் திண்டிவனத்தில் ஞானஸ்நானம், ரோஜாதான் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய். இவை எல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"ரெண்டு பேர்" என்றாள்.

"முடிஞ்சிது போ. ஒரு மாசம் குடு. பிரேக்கும் மாத்தணும். எஞ்சின் பெருசா போட்டுட்டு பிரேக்க சிறுசா வுட்டா நேரா மோட்சந்தான்."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினாள். அன்று முழுக்க யார் என்ன மாத்திரை கேட்டாலும் சரியாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடியது. ஆரோக்கியராஜ் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எஞ்சினைக் காட்டினார். எதிர்வீட்டுக்காரி பூமாலை, "சத்தமே இல்லியே சார், ஓடுதா நின்னுடுச்சா?" என்று கேட்டதில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வல்லரசு இரண்டு முன்சீட்டுக்கும் மெரூன் உறை போட்டிருந்தான். இரண்டுக்கும் நடுவே கறுப்புக் குமிழ் வைத்த கியர் கம்பி நிமிர்ந்து நின்றது.

ரோஜா சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளேயிருந்து வந்தார். ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று தம்பி கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல இடது கதவைத் திறந்து காலை எடுத்து வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"இன்னாடா ராஜூ இது, நான் குந்துற எடத்துல கம்பு நட்டு வச்சிருக்க? ஆடு கட்டப் போறியா?"

ஆரோக்கியராஜ் எட்டிப் பார்த்தார். எஞ்சினையும் ரேடியேட்டரையும் பிரேக்கையும் பத்துத் தரம் பார்த்தவர், இதைப் பார்த்திருந்தும் பார்க்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆனது.

"இந்த வல்லரசு பய ஒரு வார்த்த கேக்க மாட்டான்? இரு, போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன்."

"அவன் கேட்டான்" என்றாள் ஜெசிந்தா. "நான்தான் ரெண்டு பேர்னு சொன்னேன்."

பூமாலைக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிட்டது, போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆரோக்கியராஜ் பானெட்டை இறக்கினார். ரோஜா ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று ஜெசிந்தா காத்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போய் மீன் ஆயத் தொடங்கினார்.

சாயங்காலம் அஸ்வினி போன் செய்தபோது ரோஜாவே எடுத்து, "எனுக்குத் தோதுப்படாது கண்ணு, வேற யாரயாவது ஞானத்தாயா வச்சிக்கோ" என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கூடத்துக்கே கேட்டது. "அத்த, நீ வராம நான் புள்ளயத் தூக்கிக்கினு கோயிலுக்கே போ மாட்டேன், பாத்துக்கோ!"

ஆரோக்கியராஜ் போனை வாங்கி, "எல்லாம் வருவாங்க, நீ வையி" என்று அணைத்தார். பிறகு அவரும் யோசித்துத்தான் சொன்னார்: "இதுல இன்னா பேஜாரு? சன்னலக் கண்ணாடி ஏத்திட்டு அக்கா முன்னாடி குந்தட்டும். ஜெசிந்தா, நீ பின்னாடி குந்திக்கோ."

அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துபோனது. ஜெசிந்தா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் பின்னாடி குந்த மாட்டேன்."

"இன்னா?"

"குந்த மாட்டேன்னு சொன்னேன். அண்ணிக்கு உடம்புக்கு ஆவலேன்னா நான் வீட்ல இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. ஆனா வண்டியில ஏறுனா நான் முன்னாடிதான்."

"பேரப்புள்ள ஞானஸ்நானத்துக்கு அம்மாயி இல்லாம போறதா? ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

பதிலை ரோஜாதான் சொன்னார். மீன் முள்ளைத் தட்டோரமாக ஒதுக்கியபடியே சொன்னார்.

"ஏண்டா அவளக் கத்துற? பின்சீட்டு அம்மாம் நீளம் சும்மாதானே வருது. நான் படுத்துக்கினு வர்றேன். கண்ண மூடிக்கினா ரோடு தெரிஞ்சா இன்னா, தெரியாங்காட்டி இன்னா? குமட்டுனா நிறுத்து, வாந்தியெடுத்துட்டு வர்றேன். அதுக்காவ யாரும் சாவறதில்ல."

"படுத்தா வருமாக்கா?"

"படுத்துப் பாத்தாத்தானே தெரியும்? அந்தக் காலத்துல படுக்க எங்க வுட்டீங்க, புள்ளைங்கள ஏத்தி ரொப்பி வச்சிருந்தீங்க."

ஞானஸ்நானத்தன்று காலையில் ரோஜா பட்டுச்சேலை கசங்காமல் மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, தலையணை சகிதம் பின்சீட்டில் ஏறிக் காலை மடக்கிப் படுத்தார். ஜெசிந்தா அவர் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் வைத்தாள். "வைடி, வைடி, சவப்பெட்டியில வைக்கிற மாதிரி" என்றார் ரோஜா கண்ணை மூடிக்கொண்டே.

முண்டியம்பாக்கம் பாலத்தை வண்டி ஏறியதே தெரியவில்லை. விக்கிரவாண்டி டோல் தாண்டும்போது பின்னாலிருந்து குறட்டை கேட்டது.

முன்னால் இரண்டு பேர். ஜெசிந்தா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. அவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தரம் கியர் மாற்றும்போதும் அவர் கை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து போனது.

பேரணி என்ற ஊரைத் தாண்டிய பிறகு அவர் கேட்டார்: "ஏன் ரெண்டுன்னு சொன்ன?"

கோபமாகக் கேட்ட மாதிரி இல்லை. தெரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"அண்ணி மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வந்த நாளா இந்தச் சன்னலையே பாத்துக்கினு வர்றேன். அதான்."

"அப்பிடி இன்னாத்தப் பாத்த சன்னல்ல?"

கேலியாகத்தான் கேட்டார். அவள் கேலியை எடுத்துக்கொள்ளவில்லை, கேள்வியை எடுத்துக்கொண்டாள்.

"ஏன், எவ்ளோ இருக்குது. அதோ அந்தப் பெட்ரோல் பங்க் இருக்குதே, அங்க மொதல்ல மல்லாட்டை ஒடைக்கிற மிஷின் இருந்துது. மிஷின்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி வாசப்பக்கம் கடலையக் காய வப்பா, ஒருத்தி பின்பக்கம்."

"ஒனக்கெப்பிடித் தெரியும் ரெண்டு பொண்டாட்டின்னு?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே மாதிரி பொடவ கட்டிக்கினு நிப்பாங்க. எடுக்கும்போது ஒண்ணாத்தானே எடுத்துக் குடுத்திருப்பாரு?"

ஆரோக்கியராஜ் சிரித்தார். எஞ்சின் சத்தம் இல்லாததால் சிரிப்பு நன்றாகக் கேட்டது. "அப்பறம்?" என்றார்.

அப்புறம் ஜெசிந்தா கூட்டேரிப்பட்டில் வருஷாவருஷம் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு திறக்கிற ஓட்டலைச் சொன்னாள். மயிலம் ரோடு பிரிகிற இடத்தில் வேப்பமரத்தடிச் சலூன்காரர் வாடிக்கைக்காரர் இல்லாத நேரத்தில் தனக்குத்தானே முகம் மழித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று தரம் மழித்துக்கொள்வார் போலிருக்கிறது என்று சொன்னாள். ரோட்டை நாலு வழியாக்கியபோது பாதி இடித்த வீட்டில், மிச்சப் பாதியில் இன்னும் குடியிருக்கிறவர்களைச் சொன்னாள். அவர் இந்த ரோட்டில் எத்தனையோ தரம் வண்டி ஓட்டியவர். இதில் ஒன்றையும் பார்த்ததில்லை. நடுநடுவே, "பொய் சொல்லாத" என்றார், "எந்தப் பக்கம்?" என்றார். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ராஜூ, திண்டிவனம் எங்கடா?"

ஆரோக்கியராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊருக்குள் இறங்க வேண்டிய சர்வீஸ் ரோட்டை விட்டுவிட்டு, மேம்பாலத்தின் மேலேயே ஏறி இறங்கி, வண்டி சென்னைப் பக்கம் வெகுதூரம் வந்திருந்தது. பழைய எஞ்சினாக இருந்தால் பாலம் ஏறும்போதாவது தெரிந்திருக்கும்.

"போச்சுடா" என்றார்.

ரோஜா எழுந்து உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து கிடந்தது, குமட்டல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் கையில் இருந்த போன் அடித்தது, அஸ்வினி. "தோ வந்துட்டோம் கண்ணு. உங்கப்பன் மெட்ராசு வரிக்கும் போய் கடற்கரையப் பாத்துட்டு வர்றானாம். சாமியாரக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"ஏண்டா, ஒரு மணிநேரம் நான் கண்ண மூடுனா புருசனும் பொண்டாட்டியும் ஊரையே தொலைச்சிட்டீங்களேடா. திருப்பு, ஜல்தி!"

ரோட்டு நடுத்தடுப்பில் வந்த அடுத்த இடைவெளியில் வண்டியை வலப்புறம் ஒடித்து நிறுத்தினார் ஆரோக்கியராஜ். எதிர்ப்பக்க ரோட்டில் சென்னையிலிருந்து வருகிற வண்டிகள் இடது கைப்பக்கமிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தன. ஜெசிந்தா கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினாள். ரோஜா சால்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"இருங்க, லாரி வருது. பின்னாடி ஒரு பஸ்சு. இருங்க, இருங்க" என்றாள் ஜெசிந்தா. "ம், இப்பப் போங்க."