துருனோ ஏற்றிக்கொண்ட ஊசி

சதிமினின் உயிர் பன்னிரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. காலும் வயிறும் வீங்கி, மூங்கில் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். கஞ்சி உள்ளே இறங்கவில்லை. மூச்சு மட்டும் நெஞ்சில் ஏறி இறங்கியது. ஊரில் யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை.

"ஊசி விடாது," என்றான் பக்கத்து வீட்டு ஜொயோ, வாசலில் குந்தியபடி. "அச்சேச் சண்டையில குண்டு மழையாப் பேஞ்சப்பவே விடாத ஊசி. இந்த வீக்கத்துக்கா விட்ரப்போவுது?"

"மெதுவாப் பேசுங்க சித்தப்பா. அப்பா காதுல விழுது," என்றாள் சதிமினின் மகள் சுமி.

"விழட்டுமே. பெருமையாத்தானே சொல்றேன்."

வெள்ளைக்காரக் கும்பினியின் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் ஊசி ஏற்றிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். நெல்லுமி அளவுக்குத் தங்க ஊசி. மந்திரித்து, தோளில் தோலுக்கடியில் செருகிவிடுவார்கள். குண்டு ஒன்றும் செய்யாது. ஆனால் சாகும் காலத்தில் அதை இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் பிரியாமல் தவிக்கும். முருங்கைக் கொத்தை நனைத்துத் தலையிலிருந்து கால்வரை துடைத்தால் ஊசி இறங்கிவிடும். அதற்கு ஊரில் ஒரே ஒரு கைதான் இருந்தது. பிணம் குளிப்பாட்டும் லெகினெத்தின் கை.

"நான் போயி லெகினெம் பெரியம்மாவக் கூட்டிட்டு வந்துட்றேன்," என்று சுமி எழுந்தாள்.

சதிமின் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். யாரும் பார்க்கவில்லை.

லெகினெத்தின் புருஷன் துருனோவும் சதிமினும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். சேர்ந்த வாரமே ஒரே மந்திரவாதியிடம் போனார்கள். போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் துருனோ அச்சேயில் செத்தான். ஆறு வருஷக் கெடு முடிந்து சதிமின் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தான். வந்த அன்று கூடியிருந்தவர்கள் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "ஒரே கை போட்ட ஊசி. இவன் பொழச்சான், அவன் செத்தான்னா, அவன் அடுத்தவன் பொண்டாட்டியத் தொட்டிருக்கான்." ஊசிக்கு அது ஒன்றுதான் ஆகாது.

சதிமினுக்கு அப்போது வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அது நடந்து இருபத்தைந்து வருஷம்.

அதற்குள் லெகினெம் இரண்டாவதாக ஒருவனைக் கட்டினாள். அவன் குடித்துவிட்டு வரும்போதெல்லாம், "மொதப் புருஷனே உன்ன விட்டுட்டு இன்னொருத்திகிட்டப் போனவன்தானே" என்று அடித்தான். பிறகு அவனும் அவளை விட்டுப் போய்விட்டான். நாற்று நடவுக்கு அவளைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளப் பெண்கள் கூசினார்கள். பிணம் குளிப்பாட்ட மட்டும் கூப்பிட்டார்கள்.

வாசலில் அவள் குரல் கேட்டது.

"வா லெகினெம்," என்றான் ஜொயோ. "இது நல்ல ஊசி. உன் வீட்டுக்காரன் ஊசி மாதிரி நெனச்சிடாத, லேசுல எறங்காது."

"உனக்கு ஏதாச்சும் ஊசி இருந்தாச் சொல்லு. கையோட அதையும் எறக்கிட்டுப் போறேன்."

யாரோ சிரித்தார்கள். ஜொயோ எச்சில் துப்பும் சத்தம் கேட்டது.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சட்டியில் தண்ணீர் ஊற்றி, முருங்கைக் கொத்தை முக்கி எடுத்தாள். நெற்றியை நோக்கி வந்த கையைச் சதிமின் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் அவள் நிறுத்தினாள்.

"என்னண்ணே?"

"எனக்கு ஊசி இல்ல."

"சரி."

"நெசமாம்மா. நான் போட்டுக்கவே இல்ல."

அவள் கொத்தை மடியில் வைத்தாள். அவன் துண்டு துண்டாகச் சொன்னான். மந்திரவாதி முதலில் துருனோவின் தோளைத்தான் கீறினான். ரத்தத்தைப் பார்த்ததும் சதிமின் பின்வாசல் வழியாக ஓடிப் பலாமரத்தடியில் வாந்தி எடுத்தான். துருனோ சிரித்துக்கொண்டே வந்தான். "ஒன் ஊசியையும் நானே ஏத்திக்கிட்டேன்டா. எனக்கு ரெண்டு. நீ எம் பின்னாலயே வா, போதும்" என்றான். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் இரண்டு பேரும் போட்டுக்கொண்டதாகவே சொன்னான்.

அச்சேயில் அவன் சொன்னபடியே நடந்தது. அதே பட்டாளத்திலிருந்த அம்பொன் தீவுக்காரர்களுக்கு மட்டும் பூட்ஸ் கொடுத்தார்கள். இவர்கள் வெறுங்காலோடு சேற்றில் நடந்தார்கள். குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காலராவில் செத்தவர்கள் அதிகம். காலையில் கூட நின்றவனைச் சாயங்காலம் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். எங்கே போனாலும் துருனோ முன்னால், சதிமின் அவன் முதுகுக்குப் பின்னால். கோட்டை மதிலை நோக்கி ஓடியபோதும் அப்படித்தான் ஓடினார்கள். துருனோ விழுந்தான். சதிமின் அவன் உடம்புக்குக் கீழே புகுந்துகொண்டு, சண்டை ஓயும்வரை அசையாமல் கிடந்தான்.

"அவன் எவளையும் தொடல," என்றான் சதிமின். "பொம்பளைங்க இருக்கற பக்கமே போமாட்டான். எல்லாரும் கேலி பண்ணுவானுங்க."

லெகினெம் சட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"எல்லாரும் உள்ள வாங்க."

சுமி வந்தாள். ஜொயோ வந்தான். இன்னும் நாலைந்து பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். லெகினெம் சதிமினின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவனைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. இவங்ககிட்டச் சொல்லுங்க."

"எனக்கு ஊசி இல்ல," என்றான் சதிமின். "துருனோ தப்புப் பண்ணல. நான்தான்... அவன் முதுகுக்குப் பின்னாடி..."

குரல் பாதியில் காற்றாகிவிட்டது. சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜொயோ கட்டிலுக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"கேட்டீங்களா? ஊசிதான் பேசுது. போற நேரத்துல இப்படித்தான் இல்ல இல்லன்னு சாதிக்கும். எங்க பெரியப்பாவுக்கும் இதே கததான். தொடச்சு விடு லெகினெம், தொடச்சு விடு, நிக்காத."

"ஊசி பேசல ஜொயோ. இவர்தான் பேசறாரு."

"உனக்கு அப்படித்தான் தோணும். துருனோ பேர் வந்துச்சில்ல."

சுவரோரம் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சதிமின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லா முகத்திலும் அவன்மேல் இரக்கம் இருந்தது. அதைத் தாண்டி எதுவும் இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதையும் அவர்கள் ஊசி இறங்கும் வலி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"வெளிய போங்க," என்றாள் லெகினெம்.

"பெரியம்மா, அப்பா பாவம். சீக்கிரம் தொடச்சு விட்ருங்க."

"போம்மா. நான் பாத்துக்கறேன்."

கதவு மறுபடி மூடிக்கொண்டது. அவள் சதிமினைப் படுக்க வைத்து, கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். கொத்தை எடுக்கவில்லை.

"அவரு போன அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டாரு?"

"சோறு. கருவாடு. பாதிய எனக்குக் குடுத்துட்டான்."

"பேசிக்கிட்டே இருந்தாரா?"

"அவன் எப்ப வாய மூடுனான்?"

அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. கல்யாணமாகி மூன்று மாதம்தான் அவள் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தாள்.

"என்னப் பத்தி எதாச்சும் சொன்னாரா?"

சதிமின் கண்ணை மூடினான். மதிலைப் பார்த்துப் போன அந்த வரப்பு நினைவிருந்தது. துருனோவின் சட்டை முதுகில் வேர்வை திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது நினைவிருந்தது. திரும்பித் திரும்பி அவன் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தான். ஆனால் சதிமின் அன்றைக்குத் தன் பயத்தில் இருந்தான். ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை. ஆமாம், உன் பேரைத்தான் சொன்னான் என்று சொல்லிவிடலாம். எளிதுதான்.

"ஞாபகம் இல்லம்மா," என்றான்.

வெளியே சுமி, "ஆச்சா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"யோசிச்சுப் பாருங்கண்ணே," என்றாள் லெகினெம், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. "மெதுவா யோசிங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."