வேட்டிக்கு இல்லாத தீட்டு

"பூங்கோத, கூழக் கிண்டி எறக்கிட்டு நீ உள்ள போயிரு. மாடிப்பக்கம் தல காட்டாத."

சங்கரவடிவு இதை அடுக்களை வாசலில் நின்று, மூத்த மருமகளின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். பிறகு புளி போட்டுத் துலக்கி வைத்திருந்த, வத்தல் பிழியும் பித்தளை அச்சை எடுத்து, இளைய மருமகள் இந்துராணியின் கையில் வைத்தாள்.

"இந்த வருசம் நீதான் மொத அச்சு. குளிச்சு முழுகி, நெத்தி நெறைய குங்குமம் வச்சிட்டு வா."

பூங்கோதையின் கையிலிருந்த துடுப்பு நிற்கவில்லை. அண்டாவில் கூழ் கொப்புளம் கொப்புளமாக வெடித்துத் தெறித்தது. ஒரு துளி அவள் புறங்கையில் விழுந்தது. அதைத் துடைக்கவும் இல்லை அவள்.

போன ஐப்பசியில் அவள் புருஷன் பேச்சிமுத்து செத்துப்போனான். மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, லாரிக்கு அடியில். அன்றைக்கே பூ போயிற்று, பொட்டு போயிற்று, வளையல் போயிற்று. கூழ் வத்தல் போட அச்சைத் தொடும் உரிமையும் அதோடு சேர்ந்து போயிற்று என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. கூழ் கிண்டலாம். பெரிய அண்டாவில், பங்குனி வெக்கையில், அடுப்புப் புகையில் நின்று தோள்பட்டை கழன்று போகிற மாதிரி கிண்டலாம். அதற்குத் தாலி தேவையில்லை.

இந்துராணிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். துக்க வீட்டில் இப்படிச் சந்தோஷப்படுவது அசிங்கம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் பட்டாள்.

சும்மா வந்த சந்தோஷம் இல்லை அது. அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, சங்கரன்கோவிலில் அந்தத் தெருவுக்கே ஒரு பேச்சுத்தான்: பூங்கோதை வத்தல். எண்ணெயில் போட்டால் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாகப் பொரிந்து, வாயில் வைத்ததும் கரையும். நாத்தனார் கோமதி சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு டின் நிறைய அள்ளிக்கொண்டு போவாள். இந்துராணி முந்தின வருஷம் தன் கையால் கொஞ்சம் போட்டுப் பார்த்தாள். காய்ந்ததும் விண்டு விண்டு நொறுங்கியது. "மாட்டுக்குப் போடுளா, அதாவது திங்கட்டும்" என்றாள் மாமியார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டில் அவள் புருஷன் கணேசன் ஒரு வத்தலைக் கடித்துவிட்டு, "மதினி போட்டதா?" என்று முகம் மலர்ந்து கேட்டானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாம்பார் வைத்தது அவள், சோறு வடித்தது அவள், பக்கத்தில் படுக்கப் போகிறவளும் அவள். அவன் முகம் மலர்ந்தது மதினியின் வத்தலுக்கு.

இன்றைக்கு அச்சு அவள் கையில். ஆனால் கூழ் இன்னும் பூங்கோதையின் கையில்தான் இருந்தது.

பூங்கோதை உப்பு ஜாடியைத் திறந்தாள். இந்துராணி பார்த்துக்கொண்டே நின்றாள். கூடுதலாக ஒரு கை விழுந்தால் போதும். காயக் காய உப்புக் கரித்து, வாயில் வைக்க விளங்காது. இந்துராணியின் முதல் வத்தலே கடைசி வத்தலாகிவிடும்.

பூங்கோதையும் அதையேதான் நினைத்தாள். உப்பை அள்ளிய கை அண்டாவுக்கு மேலே சற்று நேரம் நின்றது. நெற்றியில் பெரிதாய்க் குங்குமம் வைத்துக்கொண்டு இவள் மாடியில் உட்கார்ந்து பிழிவாள், கோமதி வந்து "இந்து வத்தல்" என்பாள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் தான் கிண்டிய கூழ் கெட்டது என்று ஒருத்தி சொல்லிக் கேட்க அவளால் ஆகாது. பாதி உப்பை ஜாடியில் திரும்பப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தூவி, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள்.

"என்ன பாக்க?" என்றாள், திரும்பாமலே.

"ஒண்ணுமில்லக்கா. உப்பு கம்மியோன்னு."

"கூழுல கம்மியா இருந்தாத்தான் காஞ்சா சரியா இருக்கும். அது தெரியாமத்தான் போன வருசம் மாட்டுக்குப் போட்டே. போ, குளி."

குளியலறையில்தான் இந்துராணி பார்த்தாள். நாள் தள்ளி வர வேண்டியது, முந்திக்கொண்டு வந்திருந்தது.

சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். வீட்டுக்குத் தூரமான பொம்பிளை பார்த்தாலே வத்தல் சிவந்துபோகும் என்பது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வத்தல் காயும் மாடிப் பக்கம் அவள் நிழல்கூடப் படக்கூடாது. சொன்னால் அச்சைப் பிடுங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு அவள் வருவதை நினைத்ததுமே இந்துராணி முடிவு செய்துவிட்டாள். சொல்லப் போவதில்லை.

ஆனால் அதற்கு வேண்டியது இருந்த இடம் பூங்கோதை அறை பீரோவின் அடித்தட்டு. ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு மருமகள்களுக்கும் சேர்த்து அங்கேதான் செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பார்கள். ஈரத்தலையோடு அவள் உள்ளே போனபோது, கூழை இறக்கிவிட்ட பூங்கோதை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்துராணி குனிந்து, பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துச் சேலை மடிப்புக்குள் செருகினாள். நிமிர்ந்தால் பூங்கோதையின் கண் நேராக அவள் மேல்.

ஒரு வார்த்தை போதும். "அத்த, இங்க வாங்க" என்று ஒரு குரல்.

"கூழு ஆறுது" என்றாள் பூங்கோதை. "ஆறிட்டுன்னா பிழிய வராது. போ."

மாடியில் வேட்டிகளை நனைத்து விரித்திருந்தார்கள். பழைய எட்டு முழ வேட்டிகள், துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து மெத்தென்று ஆனவை. வத்தல் ஒட்டாமல் உரிந்து வர அதுதான் தோது. இந்துராணி முதல் வேட்டியின் முன் உட்கார்ந்து கரையைப் பார்த்தாள். மயில்கண் கரை. பேச்சிமுத்துவின் வேட்டி.

செத்தவன் வேட்டி மாடிக்கு வரலாம். அவன் பெண்டாட்டி வரக்கூடாது. வேட்டிக்குத் தீட்டில்லை.

சங்கரவடிவு மாடிப்படியின் கடைசிப் படியில் குடையோடு உட்கார்ந்துகொண்டாள். எல்லா வருஷமும் அங்கேதான் உட்காருவாள். தளத்தில் கால் வைக்க மாட்டாள். முழங்கால் வலி என்றுதான் இந்துராணி நினைத்திருந்தாள்.

"என்ன மதினி, இந்த வருசம் புதுக் கையா?" பக்கத்து மாடியிலிருந்து செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா. பின்ன என்ன செய்ய?"

"பாத்துப் புழியச் சொல்லுங்க. போன வருச வத்தலுக்கு எங்க வீட்டு எருமையே மூஞ்சத் திருப்பிட்டு."

"ஒங்க வீட்டு எருமைக்கு நாக்கு நீளம், வளக்குற ஆள மாதிரியே" என்றாள் இந்துராணி. செல்லத்தாய் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இந்துராணி பிழிந்தாள். அடிவயிறு சுருட்டிப் பிடித்து இழுத்தது. வெயில் மண்டையில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுச் சுற்றாகப் பிழிந்தாள். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் எலிவால் மாதிரி ஒரு வால் நீட்டிக்கொண்டு நின்றது. பூங்கோதை போட்டால் வால் இருக்காது. பிழிந்து முடிக்கும்வரை சிவந்துவிடுமோ, சிவந்துவிடுமோ என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூழ் வெள்ளையாகக் கிடந்து வெள்ளையாகவே காய்ந்தது.

சித்திரை பிறந்ததும் கோமதி வந்தாள். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது இந்துராணி வத்தல் பொரித்துத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். பூங்கோதை அடுக்களைக்குள் நின்று ரசம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கோமதி ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடினாள்.

"அப்படியே இருக்கும்மா. மூத்த மதினி கையின்னா கைதான்."

"அவ எப்படித் தொடுவா?" என்றாள் சங்கரவடிவு. "இந்து போட்டது."

"நெசமாவா! ஏ இந்து, எங்கருந்து வந்துது ஒனக்கு இந்தக் கைப்பக்குவம்?"

கணேசன் நிமிர்ந்து தன் பெண்டாட்டியைப் பார்த்தான். "நல்லாருக்குட்டி" என்றான். முகம் மலர்ந்திருந்தது.

எத்தனை வருஷமாக ஏங்கியது. இந்துராணிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அடுக்களைப் பக்கம் பார்வையை ஓட்டினாள். ரசக்கரண்டியின் சத்தம் அங்கே நின்றிருந்தது. கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

சங்கரவடிவு ஒரு வத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "பாத்தியா, ஒரு சிவப்பு உண்டா? அவ கையில என்னடி இருக்கு, கோமதி? அவ கழுத்துல கெடக்கே, அதுல இருக்கு. சுமங்கலி, சுத்தபத்தமா இருந்து புழிஞ்சா இப்படித்தான் வரும்."

இந்துராணியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

அப்படியானால் இதுவும் அவளுக்கு இல்லை. அத்தை புகழ்ந்தது இதோ சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் இந்த ஆளை. தலைக்கவசம் போடச் சொன்னால் முடி கொட்டும் என்கிற இந்த ஆளை. இவன் மூச்சு இருக்கிறவரை அவளுக்குக் கைப்பக்குவம் உண்டு. இவன் ஒருநாள் மழையில் சறுக்கினால் அன்றைக்கே அவள் கை போய்விடும். அவளும் உள்ளே நின்று ரசம் கூட்டுவாள். பூங்கோதையிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம் என்று அவள் நினைத்தது பூங்கோதையிடமும் என்றைக்கும் இருந்ததில்லை.

"அத்த" என்றாள். "வத்தல் போட்ட அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம்."

கணேசனின் வாயில் வத்தல் பாதி நொறுங்கியபடி நின்றது. சங்கரவடிவுக்கு முதலில் புரியவில்லை.

"என்னளா சொல்லுத?"

"காலைலயே ஆயிட்டு. சொன்னா அச்சப் பிடுங்கிருவீங்கன்னு சொல்லல. உப்பு போட்டது அக்கா. கூழு கிண்டுனது அக்கா. விரிச்சது பெரியத்தான் வேட்டி. தூரமா இருந்தவ புழிஞ்சேன். நல்லாப் பாருங்க, எங்க செவந்துருக்குன்னு."

"அடிப் பாவி!" சங்கரவடிவு கையிலிருந்ததைத் தட்டில் எறிந்தாள். "ஒரு டின்னும் போச்சே! கொண்டுபோய் ஓடையில கொட்டு. குடும்பம் வெளங்குமா? ஒருத்தி தாலியறுத்தவ, ஒருத்தி தீட்டுக்காரி!"

"அக்காவ ஏன் சொல்லுதீங்க? அவிய என்ன செஞ்சாவ?"

"சொல்லுவேன்! எம் புருசன் செத்தன்னைக்கே அச்ச அவ கையில குடுத்துட்டு எறங்குனவ நான். அவ வாரதுக்கு முன்ன இந்தத் தெருவே எங்கிட்டதான் கூழுக்குப் பக்குவம் கேக்கும், தெரியுமா? என்னய எவ மேல கூப்பிட்டா? நானே படியோட நின்னேன். இவளுக்கு மட்டும் என்ன தனியா?"

சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முழங்கால் வலி இல்லை அது என்று இந்துராணிக்கு அப்போதுதான் விளங்கியது. தனக்குக் கிடைக்காதது மருமகளுக்கும் கிடைக்கக்கூடாது. இந்த ஒரு வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டே இந்த வழக்கம் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. காவலுக்கு ஆம்பிளை ஒருத்தன்கூட வேண்டியிருக்கவில்லை.

வத்தல் ஓடைக்குப் போகவில்லை. சாயங்காலம் கோமதி டின்னைத் தன் பைக்குள் வைத்துச் சேலையால் மூடினாள். "மெட்ராசுல யாருக்கும்மா தெரியப்போவுது?" என்றாள் அம்மாவிடம். சங்கரவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாளைக்கு ஜவ்வரிசிக் கூழுக்கு ஏற்கெனவே ஊறப்போட்டிருந்தது. விடிந்ததும் பூங்கோதை வழக்கம்போல் கிண்டி இறக்கினாள். இந்துராணி மாடியில் வேட்டியை நனைத்து விரித்துவிட்டு, படி இறங்கி வந்து அச்சை அவள் முன்னால் நீட்டினாள்.

"மேல வாங்கக்கா."

"எதுக்கு? நான் புழிஞ்சா ஒனக்குப் பேரு கெடைக்காது, பாத்துக்க."

"தெரியும்."

"பெறவு வயிறு எரியும்."

"எரியத்தான் செய்யும். வாங்க."

பூங்கோதை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அச்சை வாங்காமலே கூழ்ச்சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். மயில்கண் கரையைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். குனிந்து, வேட்டியின் மடிந்த ஓரத்தைக் கையால் நீவிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அச்சுக்குக் கை நீட்டினாள்.

"ஏட்டி பூங்கோத! எறங்குட்டி கீழ!" சங்கரவடிவு கத்திக்கொண்டே படியேறி வந்தாள். கடைசிப் படிவரை வந்தாள். அதற்கு மேல் அவள் கால் எழவில்லை. பக்கத்து மாடியில் செல்லத்தாய் வாயைப் பிளந்தபடி நின்றாள். பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் சுற்று விழுந்தது. கூழ் வட்டமாகச் சுழன்று, தொடங்கிய இடத்திலேயே போய் அடங்கியது. வால் இல்லை. இந்துராணிக்குச் சுருக்கென்றது. அந்த எரிச்சல் எங்கேயும் போய்விடவில்லை, அப்படியேதான் இருந்தது.

"எப்படிக்கா வால் விடாம முடிக்கீங்க?"

பூங்கோதை அச்சை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.