கடைசியாக நடந்த பாதை

ஆய்வு நிதிக்கு அனுமதி வந்த வியாழக்கிழமை மதியம், ஆங்கிலத் துறையின் வாசலிலிருந்து நூற்று நாற்பது ஒற்றையடிப் பாதைகள் கிளம்பின. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் பிறகு என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று ஆராய, நாலு வருடம் நடையாய் நடந்து அந்த நிதியை வாங்கியவர் பேராசிரியை. மாணவருக்கு ஒரு பாதை என்று கண்டதும், கேள்வித்தாள் அச்சடிக்கும் செலவு மிச்சம் என்றுதான் அவர் நினைத்தார். ஒன்று சுவரைத் துளைத்து வங்கிக்குப் போனது. இன்னொன்று நீதிமன்றத்தை மூன்று முறை சுற்றிவிட்டு ஒரு பேக்கரிக்குள் நுழைந்தது. இவ்வளவு மண்ணையும் யார் கூட்டுவது என்று துப்புரவுப் பணியாளர் ஒரு வாரம் முணுமுணுத்தார். இந்தப் பாதைகளில் பேருந்து ஓடாததால் பயணப்படி கிடையாது, வேண்டுமானால் செருப்பு வாங்கித் தருகிறோம் என்று நிதிக்குழு எழுதியது.

இரண்டு வருடத்தில் மூன்று ஜோடி தேய்ந்தது. மிச்சம் இருந்த ஒரே பாதையை அவர் பயந்து பயந்து தள்ளிப்போட்டிருந்தார். உண்மையில் நிதி கேட்டதே அதற்காகத்தான். அது ஒரு பையனின் பாதை; வணிகவியலில் சேர வந்த அவனை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டவர் அவர். படித்து முடித்து அவன் வேலையில்லாமல் அலைந்த காலத்திலிருந்து, தெருவில் அவரைக் கண்டால் அவன் அம்மா எதிர்ப்பக்கம் போய்விடுவார். பையன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ என்று ஒன்பது வருடமாகப் பேராசிரியையின் மனசு அரித்தது.

அந்தப் பாதை மூடிக்கிடந்த இரண்டு அலுவலகங்களையும் ஒரு கூரியர் கடையையும் கடந்து, தரையை விட்டு மேலே ஏறியது. எட்டாவது மாடி உயரத்தில், காலிச் சாப்பாட்டு டப்பாவோடு எதிரே இறங்கி வந்தார் அந்த அம்மா. பாதையின் அகலம் ஒன்றரை அடி. எதிர்ப்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை.

"உங்க பையனை நான் கெடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டேவிட்டார் பேராசிரியை.

"அப்படித்தான் நினைச்சிருந்தேன். நீங்க சொல்லலன்னாலும் அதுலதான் சேர்ந்திருப்பேன்னு அவனே சொல்லிட்டான். மேல கிரேன் ஓட்டுறான், சந்தோஷமா இருக்கான். அவன் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் உங்க முகத்தைப் பாக்க எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

பேராசிரியைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மா சற்று நேரம் கீழே போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சின்ன மகளுக்கு ஆங்கிலத்தில் இடம் கிடைக்குமா என்று மெதுவாக விசாரித்தார். திங்கட்கிழமை விண்ணப்பம் தருவார்கள் என்றார் பேராசிரியை. காற்று பலமாக அடித்ததால் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்க மேலே ஏறினார்கள்.