ஆற்றில் நின்ற சாய் லுன்

மோங்யாவ் ஊரில் சாய் லுன் என்ற ஓடக்காரன் ஆற்றின் நடுவே, மூங்கில் கழிக்குத் தரை தட்டாத ஆழத்தில், இடுப்புவரை மட்டுமே நனைந்து நின்றுகொண்டிருந்தான். கூலியில்லாமல் சாலை போடப் பிடித்து வந்த குடும்பங்களை அக்கரைக்குத் தப்பவிட்டதுதான் அவன் செய்த குற்றம். ஊரை ஆண்ட சிற்றரசரான பெரிய சாவ்பா, "நான் சொல்றவரைக்கும் ஆத்துலயே நில்லுடா" என்றார். காவலர்கள் அவன் காலில் கல்லைக் கட்டித் தள்ளினார்கள். ஆறு சாவ்பாவின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. அவன் மூழ்கவில்லை. நகரவும் முடியவில்லை.

அவன் மனைவி நாங் இங் தினமும் படகில் போய் வாழையிலைச் சோறும் சோயா அடையும் ஊட்டினாள். மழைக்காலத்தில் அவன் மூக்குவரை நீர் ஏறும்போது, முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படகிலேயே கிடந்தாள். பெரிய சாவ்பா அவனை வெளியே வரச் சொல்லாமலே செத்துப்போனார். நாங் இங், பட்டத்துக்கு வந்த மகனின் காலில் விழுந்தாள்.

"எங்கப்பா வாக்கை நான் எப்படிம்மா மாத்துறது? நாளைக்கு என் வாக்கை எவன் மதிப்பான்?"

"அவரு செத்துட்டாருங்க எசமான். எம் புருசன் சாகலையே."

இளைய சாவ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளைக்காரன் போனான், ஜப்பான்காரன் வந்து போனான், அவள் தலை நரைத்தது. நீரில் நின்றவனுக்கு ஒரு மயிர்கூட வெளுக்கவில்லை. சாவ்பாக்கள் ஆட்சியைப் புது அரசாங்கத்திடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்ட வருடம், மாளிகைக்குக் குடிவந்த அதிகாரியிடம் போய் முறையிட்டாள்.

"மாளிகை, யானை, ஜெயிலு எல்லாம் ஒப்படைச்சாங்க பாட்டி. ஆத்துல நிக்கிற ஆளைப் பத்தி ஒருத்தரும் சொல்லலியே" என்றார் அவர், பணிவாகவே.

அவள் நேரே படகை விட்டாள். "இப்ப சாவ்பாவே இல்லய்யா. ஏறி வா."

சாய் லுன் படகின் விளிம்பைப் பிடித்து எம்பினான். படகு சாய்ந்தது, அவன் கால் அசையவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அவள் மணந்த இளைஞனின் கை. அவளுடையது சருகாகியிருந்தது.

"உத்தரவு போட்டவன் போயிட்டான்டி. உத்தரவு போகல."

"அப்போ யாருகிட்டய்யா கேக்கறது?"

அவளுக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த குளிரில் நாங் இங் இறந்தாள். பாடை கரையோரமாகப் போனபோது சாய் லுன் அந்தப் பக்கம் திரும்ப முயன்றான். கழுத்து மட்டும் திரும்பியது. பிறகு படகில் போகிறவர்கள் ஆளுக்கொரு கவளம் ஊட்டினார்கள். பட்டாளம் ஊருக்கு வந்த பின், வெள்ளத்தை அளக்க அவன் மார்பில் சிவப்பு வண்ணத்தில் கோடுகள் போட்டார்கள். இந்த ஆவணியில் தண்ணீர் நான்காம் கோட்டைத் தொட்டது. கீழ்த்தெருக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள்.