எண்ணி நடந்த வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் நான். வேறொருத்தி எழுதிய கட்டுரையின் ஓரத்தில் கேட்டேன்: "எத்தனை அடி?"

அதற்கு விடையாக ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தது. அந்த வாக்கியத்தால் ஒரு கல் போயிற்று. கல்லைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். கல்லைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, என்னைப் பற்றி எழுதாமல் தப்பித்துக்கொள்வது அதைவிட...

இல்லை. முதலிலிருந்து.

2

முதல் தொடக்கம்: "லப்பைக்குடிக்காட்டில், வெள்ளாற்றங்கரையில் வெயில் சாயும் நேரம், மர்ஜியா தனியாக நின்று..."

அடித்துவிட்டேன். மர்ஜியா ஆற்றங்கரையில் நிற்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் நிற்கிற ஆள்.

இரண்டாம் தொடக்கம்: மர்ஜியாவுக்கு இருபத்து மூன்று வயது. விலங்கியல் படித்தவள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அத்தா நஜீமுதீன் ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். அறிவியல் கட்டுரைகள் எழுதப் போகிறேன் என்று மர்ஜியா சொன்னபோது அம்மா ஷரீபா கேட்டார், "அது எந்தப் பரீட்சைக்கு?"

(முதல் வரைவில் அப்பாவை 'வாப்பா' என்று எழுதியிருந்தேன். கதையை மர்ஜியாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் ஓரத்தில் எழுதியது: "எங்க வூட்ல அத்தாதான், அக்கா. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? எல்லாத்தையும் சரிபாருன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?")

அந்தப் பாடம் எடுத்தவள் பெயர் தேவயானி. உடையார்பாளையத்தில் முந்திரி உடைக்கிற குடும்பத்தில் பிறந்து, இப்போது திருச்சியில் இருந்துகொண்டு அறிவியல் எழுதுகிறவள். வயது முப்பத்து நான்கு. அவள் எழுதத் தொடங்கியபோது அவளுடைய வரைவைப் படித்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான், சிறிய ஊர்களிலிருந்து புதிதாக அறிவியல் எழுத வருகிறவர்களுக்கு ஓர் இணைய இதழ் ஆறு மாத வழிகாட்டல் திட்டம் தொடங்கியபோது, சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் வழிகாட்டியாகச் சேர்ந்தாள்.

(தேவயானி என்று பெயர் வைத்துக்கொண்டதும் மூச்சு விடச் சுலபமாக இருக்கிறது. அது நான்தான். ஆனாலும் 'அவள்' என்றே எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் என் பக்கம் சாய்ந்துவிடுவேன்.)

3

அந்தத் திட்டத்தில் தேவயானியிடம் வந்த மர்ஜியாவின் முதல் கட்டுரை ஒரு கல்லைப் பற்றியது. அரியலூர் பக்கம் ஓர் ஓடையில், மழை கரைத்த மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. முறம் அகலத்துக்குச் சுருண்ட ஒரு கடல் உயிரின் படிமம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் அதை அம்மோனைட் என்கிறார்கள். அதைக் காட்டிய மலர்கொடி, ஆடு வளர்க்கிறவர், நத்தைக்கல் என்கிறார்.

பல திருத்தங்களுக்குப் பிறகு கட்டுரை நன்றாக வந்திருந்தது. தேவயானிக்கு இன்னும் ஒரே ஒரு குறை. "வாசகரால் இங்கே உன் கூட நடக்க முடியவில்லை. பாலத்திலிருந்து எந்தப் பக்கம்? எத்தனை அடி?"

மர்ஜியா மறுநாளே கிளம்பினாள். பெரம்பலூருக்கு ஒரு பஸ், அரியலூருக்கு இன்னொன்று, அங்கிருந்து ஒரு மினி பஸ். ஒவ்வோர் அடியாக எண்ணி நடந்தாள். நடுவில் ஓர் ஆடு குறுக்கே வந்து கணக்கு விட்டுப்போனதால் திரும்பிப் பாலத்துக்கே போய் மறுபடி எண்ணினாள். பிறகு எழுதினாள் (காலி இடங்கள் இப்போது நான் விட்டவை):

"பாலத்திலிருந்து [ ] பக்கம் திரும்பி, [ ] மரத்தைத் தாண்டி, [ ] அடி நடந்தால், கடல் தொடங்குகிறது."

தேவயானி அந்த வரிக்குப் பக்கத்தில் "அருமை!" என்று போட்டாள். ஆச்சரியக்குறி ஒன்று இல்லை, மூன்று.

4

கட்டுரை வெளிவந்து மூன்று வாரம் கழித்து மலர்கொடியிடமிருந்து மர்ஜியாவுக்கு போன் வந்தது.

"பாப்பா, நல்லாருக்கியா? சாப்டியா?"

"சாப்டேங்கா. சொல்லுங்க."

"வேன்ல நாலு பேரு வந்தானுவ. ஒருத்தன் போனைப் பாத்துப் படிக்கிறான். இன்னொருத்தன் எண்ணிக்கிட்டே நடக்கிறான். நான் என்னமோ சர்வேக்கு வந்தவனுவன்னு நெனச்சு, தண்ணி வேற குடுத்தேன்."

"அக்கா..."

"கடப்பாரை போட்டு நெம்பி எடுத்துட்டுப் போயிட்டானுவ. எடுக்கையில ரெண்டா ஒடைஞ்சுது. அதையும் விடல. அவன் படிச்சது நீ எழுதுனதுதான், இல்ல?"

மர்ஜியா அன்றைக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கவே இல்லை. ஷரீபா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார், "அடியை எண்ணி எழுதுனியே, அவங்க கையால அடி வாங்காம இருக்கியேன்னு அல்லாவுக்கு நன்றி சொல்லு." மகள் சிரிக்கவில்லை என்றதும் தானே போய்த் துணியை எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து மடித்தார்.

சாயங்காலம் தேவயானிக்கு ஒரு செய்தி போயிற்று. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடைசியில், "எனக்கு இது வராது அக்கா. ரெண்டாவது கட்டுரை வேண்டாம். பி.எட். அப்ளை பண்ணப் போறேன்."

5

இந்த இடத்தில் தேவயானி உடனே போன் எடுத்து, தவறு என்னுடையது என்று சொன்னதாக ஒரு வரைவு எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. பொய்.

அவள் முதலில் செய்தது, மடிக்கணினியைத் திறந்து தன் பழைய கருத்துகளைத் தேடியது. "எத்தனை அடி" என்று எழுதியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேடினாள். சும்மா "இன்னும் விவரம் சேர்" என்று எழுதியிருந்தால் போதும்; எவ்வளவு விவரம் என்பது எழுதுகிறவர் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இருந்தது. அதற்குக் கீழே 'அருமை'யும் மூன்று ஆச்சரியக்குறியோடு இருந்தது. இப்படி மண்ணிலிருந்து வெளியே வருகிறவற்றைப் பற்றி எழுதும்போது இடத்தைச் சொல்லக் கூடாது, தோண்டி விற்கிறவர்கள் வந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை, நல்ல வாக்கியம் கண்ணில் பட்டதும் மறந்துவிட்டாள்.

நான்கு நாள் அவள் பதில் போடவில்லை. அந்த நான்கு நாளை இந்தக் கதையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதில் ஒன்றும்...

(மர்ஜியா ஓரத்தில்: "நாலு நாள் இல்ல, அக்கா. அஞ்சு.")

ஐந்து நாள்.

ஆறாம் நாள் தேவயானி இதழின் ஆசிரியர் அமிர்தலிங்கத்துக்கு எழுதினாள். அந்த வரியை நீக்குங்கள், வழிகாட்டியின் தவறு என்று குறிப்புப் போடுங்கள். அவரே போன் செய்தார்.

"அந்த வரியை எடுத்து அஞ்சு நாளாச்சும்மா. மர்ஜியா அன்னைக்கே எழுதிடுச்சு. எல்லாம் என் தப்புன்னு. உங்க பேரே அதுல இல்ல. ஒரு தப்புக்கு ரெண்டு பேரு போட்டி போட்டு நான் பாத்ததில்ல. யாருக்குக் குடுக்கட்டும், சொல்லுங்க."

தேவயானியால் சிரிக்க முடியவில்லை. தன் கட்டுரையை ஆறு முறை திருத்தச் சொன்ன ஒருத்தியை, சொல்லாமல் மறைத்துக் காப்பாற்றியிருக்கிறாள் இந்தப் பெண். அந்த நன்றிக்கடனைத் தாங்குவதற்கு அவமானத்தைத் தாங்குவதைவிடப் பலம் தேவைப்பட்டது.

6

ஐப்பசியில் ஒரு காலை, மலர்கொடியைப் பார்க்கப் போவதற்காக இருவரும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தார்கள். மர்ஜியா கையில் ஷார்ஜா பேரீச்சம்பழப் பொட்டலம். வெறுங்கையோடு போகாதே என்று ஷரீபா கொடுத்து அனுப்பியது.

மலர்கொடியை முதலில் ரொம்ப நல்லவராக எழுதியிருந்தேன். கண்ணைத் துடைத்து, "போனது கல்லுதானே" என்று சொல்கிறவராக. அந்த மலர்கொடியை எனக்கே பிடிக்கவில்லை. உண்மையில் அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. (எங்களை என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

"மன்னிச்சுக்கங்கக்கா," என்றாள் மர்ஜியா.

"கல்லு போனது போவட்டும். எனக்கு வேற ஒரு வருத்தம். என் மவன் அதை எனக்குப் படிச்சுக் காட்டுனான். பாலம் இருக்கு, மரம் இருக்கு, எத்தினி அடின்னு இருக்கு. காலேஜு சாரு ரெண்டு பேரு பேரும் இருக்கு. காட்டுனவ யாரு? 'உள்ளூர்ப் பெண் ஒருவர்'. பதினோரு வருசமா ஒவ்வொரு மழைக்கும் அந்த ஓடையில எது புதுசா தெரியுதுன்னு பாத்துக்கிட்டு வரேன். கல்லுக்கு அட்ரஸ் போட்ட புள்ள, எனக்கு ஒரு பேரு போடலையே."

மர்ஜியா தலைகுனிந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தப்பித்திருப்பாள்; அவளுடைய முதல் வரைவில் மலர்கொடி என்ற பெயர் நான்கு இடத்தில் இருந்தது. பதினோரு வருடமும் இருந்தது. பெயர்கள் கூடினால் வாசகர் குழம்புவார் என்று அதை வெட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் முறையாக அவள் என்னை மறைத்து நின்றாள்.

"பேரை எடுத்தது நாங்க," என்றேன். "இந்தப் பொண்ணு எழுதியிருந்துச்சு. நான்தான் வெட்டினேன். அடியை எண்ணச் சொன்னதும் நான்தான்."

மலர்கொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் மழையில ஒண்ணு வெளிய வந்திருக்கு. அது போனதைவிடப் பெருசு. பாப்பா, வா. பேரு போடு, ஊரு போடாத." ஓரடி வைத்துத் திரும்பினார். "நீங்க இங்கயே இருங்க. ஆட்டைப் பாத்துக்கங்க. அந்தக் கருப்பு வயக்காட்டுக்குள்ள போவும், வுடாதீங்க."

7

முடிவு ஒன்று: வேன்காரர்கள் பிடிபடுகிறார்கள், கல் அருங்காட்சியகத்துக்கு வருகிறது. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: மர்ஜியாவின் இரண்டாவது கட்டுரைக்குப் பரிசு கிடைக்கிறது, மேடையில் அவள் என் பெயரை... வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

நடந்தது இதுதான். அவர்கள் இருவரும் புதருக்குப் பின்னால் மறைந்தார்கள். ஒரு மணி நேரம் நான் பதினான்கு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பு இரண்டு முறை வயலுக்குள் போயிற்று. எனக்கு இவ்வளவு உபயோகமான வேலையை ரொம்ப நாளாக யாரும் கொடுக்கவில்லை.

மர்ஜியா திரும்பி வந்தபோது முழங்காலில் செம்மண் அப்பியிருந்தது. நோட்டில் விரலை வைத்து மூடியிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் பி.எட். பற்றி நான் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

அவர்கள் அங்கே என்ன பார்த்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. அது என்னிடம் இல்லை. மர்ஜியா எழுதுவாள், அவளுக்குத் தோன்றுகிறபோது, மலர்கொடியின் பெயரோடு.

இந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பி, கடைசியில் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். நேற்று ஓரத்தில் பதில் வந்தது:

"ஆடு பதினஞ்சு, அக்கா. மலர்கொடி அக்காகிட்ட போன்ல கேட்டுட்டேன். மத்ததெல்லாம் சரி."